அருகிலிருந்து கிளம்பிய சொல்

மொழி ஐயங்களுக்கான இப்பகுதிக்கு அண்மையில் வந்த கடிதங்களில் பல, ஆங்கிலத்தின் 'பை' என்ற முன்னிடைச்சொல் ஒன்றையே சுற்றி வந்தன. நாம் கடைக்குத் தூக்கிச் செல்லும் பை அன்று. பள்ளியில் 'ப்ரெபொசிஷன்' என்று படித்தோமே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த பை. ஒரே சொல்லைப் பற்றிய கேள்விகளாக அமைந்துவிட்டதால் இம்முறை அவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, 'பை' என்றால் 'ஆல்' என்றுதான் எனக்குப் பள்ளியில் சொல்லித்தந்தார்கள். இப்போது அகராதியைப் புரட்டினால் அருகில், வழியாக, உள், படி, வீதம் என்று பொருள்கள் வரிசைகட்டி நிற்கின்றன. இத்தனையையும் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியே இல்லையா?

பதில்: மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடும். அந்தப் பட்டியலில் 'அருகில்' என்ற பொருளை முதலில் வைத்து, மற்றவற்றை அதிலிருந்து கிளைத்தவையாகப் பார்த்தால் பாதிச் சுமை குறைந்துவிடும். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குப் 'பக்கத்தில்' என்பதே அடிப்படைப் பொருள். 'பை தி ரிவர்' என்றால் ஆற்றோரம், 'பை தி டோர்' என்றால் கதவருகே என்ற வழக்குகளில் அந்தப் பொருள் இன்றும் அப்படியே இருக்கிறது. இன்னொரு சான்றும் உண்டு. பிஃபோர், பிஹைண்ட், பிசைட், பிட்வீன், பிலோ, பியாண்ட் என்று இடத்தைக் காட்டும் சொற்கள் பலவும் 'பி' என்று தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் 'பி', அழுத்தம் குறைந்து ஒலிக்கும் 'பை'யே ஆகும். 'சைட்' என்ற பக்கத்தின் அருகில் இருப்பது பிசைட்; 'டூ' என்ற எண்ணுக்கு உறவான சொல் ஒன்றோடு சேர்ந்து, இரண்டுக்கு இடையில் இருப்பது பிட்வீன். 'பிகாஸ்' என்பதும் ஒரு காலத்தில் 'பை காஸ்' என்று இரு சொல்லாக இருந்து, 'காரணத்தால்' என்ற பொருளோடு ஒட்டிக்கொண்டதுதான்.

அருகில் என்பது எப்படி 'ஆல்' ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றின் பக்கமாகச் செல்பவர் அதன் வழியாகச் செல்கிறார். 'ஹி லெஃப்ட் பை தி பேக் டோர்' என்றால் பின்வாசல் வழியாகப் போய்விட்டார் என்று பொருள். நடந்து செல்லும் வழி என்ற கருத்திலிருந்து, ஒரு காரியத்தை முடிக்கும் வழி என்ற கருத்து மிக எளிதாகப் பிறக்கும். தமிழிலும் அதுவே நடந்திருக்கிறது. 'காட்டு வழி சென்றான்' என்பதில் உள்ள வழி கால் பதியும் வழி. 'அஞ்சல் வழிக் கல்வி' என்பதில் உள்ள வழி கருவி. ஆங்கிலத்தின் 'பை போஸ்ட்' அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வழியும் கருவியும் ஆன பிறகு, செய்தவரைக் குறிப்பதற்கு ஓர் அடிதான் பாக்கி. ஆனால் அந்தக் கடைசி அடியை ஆங்கிலம் மெதுவாகத்தான் எடுத்துவைத்தது. செயப்பாட்டு வினையில் செய்தவரைச் சுட்ட, முன்பு 'ஆஃப்' போன்ற வேறு முன்னிடைச்சொற்களும் பெருவழக்காக இருந்தன. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில், சாத்தானால் சோதிக்கப்பட்டதைச் சொல்லும் இடத்தில் 'டெம்ப்டெட் ஆஃப் தி டெவில்' என்றே இருக்கிறது. இன்று எழுதுபவர் அங்கே 'பை' போடுவார். ஆக, பள்ளியில் நீங்கள் முதலில் கற்ற பொருள், இச்சொல்லின் வரலாற்றில் காலந்தாழ்ந்து வேரூன்றிய பொருள்.

'படி' என்ற பொருளையும் இவ்வாறே விளங்கிக்கொள்ளலாம். 'பை மை வாட்ச்' என்றால் என் கைக்கடிகாரத்தின்படி. 'பை லா' என்றால் சட்டப்படி. ஒன்றை அளவுகோலின் அருகில் வைத்து ஒப்பிடுகிறோம் என்று கொண்டால் இது பழைய பொருளுக்கு வெகுதூரத்தில் இல்லை. இந்த இணைப்பு, மாணவர்களுக்குச் சொல்லி நான் பழகிய விளக்கம். நினைவில் நிறுத்த உதவுவதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

சொற்களை இரட்டிக்கும்போது நடுவில் வரும் 'பை'யைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டெப் பை ஸ்டெப், ஒன் பை ஒன், லிட்டில் பை லிட்டில் ஆகியவற்றைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: படிப்படியாக, ஒவ்வொன்றாக, சிறுகச் சிறுக. ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று என்று அடுக்க ஆங்கிலத்துக்கு நடுவே ஒரு சொல் தேவைப்படுகிறது. நாம் சொல்லையே மடித்துப் போட்டுவிடுகிறோம். இவ்வகைத் தொடர்களில் 'பை'க்குத் தனியாக ஒரு தமிழ்ச்சொல் தேட வேண்டியதில்லை.

மனப்பாடம் என்றீர்களே, அதற்கும் ஆங்கிலத்தில் 'பை' உண்டு: 'லேர்ன் பை ஹார்ட்'. நம்மவர்கள் 'பைஹார்ட்' என்பதையே ஒரு வினைச்சொல்லாக்கி, 'ஐ பைஹார்ட்டட் இட்' என்று இறந்த காலமும் கொடுத்துவிடுகிறார்கள். பேச்சில் விட்டுவிடலாம், தேர்வுத்தாளில் 'லேர்ன்' இல்லாமல் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: 'பை', 'வித்' இரண்டுக்குமே தமிழில் 'ஆல்' வருகிறது. எங்கே எதைப் போடுவது என்று எனக்குக் குழப்பம் தீரவேயில்லை.

பதில்: குழப்பத்துக்குக் காரணம் நீங்கள் அல்லர், நம் மூன்றாம் வேற்றுமை. ஆல், ஆன், ஓடு, ஒடு ஆகியவற்றை மூன்றாம் வேற்றுமை உருபுகளாகச் சொல்லும் நன்னூல், 'கருவி கருத்தா உடனிகழ்வு அதன்பொருள்' என்று மூன்று பொருள்களை அந்த ஒரு வேற்றுமைக்குத் தருகிறது. கருத்தா என்பது செய்பவர். கருவி என்பது செய்ய உதவிய பொருள். 'பாம்பு சிறுவனால் கம்பால் அடிக்கப்பட்டது' என்று நாம் இருவரையும் ஒரே 'ஆல்' கொண்டு காட்டிவிடுவோம். ஆங்கிலம் சிறுவனுக்குப் 'பை' என்றும் கம்புக்கு 'வித்' என்றும் பிரித்துக்கொள்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் எழுதும்போது, அந்த 'ஆல்' கருத்தாவா கருவியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வாக்கியத்தைச் செய்வினையாக மாற்றினால் எது எழுவாயாகி முன்னே வருகிறதோ அதுவே கருத்தா, அதற்குப் 'பை'.

இந்த வேறுபாடு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 'கிளையால் சன்னல் உடைந்தது' என்று தமிழில் எழுதினால், காற்றில் முறிந்த கிளை தானே வந்து மோதியதா, யாரோ கிளையை எடுத்து அடித்தார்களா என்று தெரியாது. ஆங்கிலத்தில் 'புரோக்கன் பை எ பிரான்ச்' என்றால் கிளை தானாக வந்து மோதியது. 'புரோக்கன் வித் எ பிரான்ச்' என்றால் ஒரு கை அதைப் பிடித்திருந்தது. அந்தக் கைக்கு உரியவர் வாக்கியத்தில் எங்குமே இல்லை. 'வித்' என்ற ஒரு சொல்தான் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. காவல் நிலையத்தில் எழுதித் தரும் புகாராக இருந்தால் இந்த ஒரு சொல் வழக்கையே மாற்றிவிடும்.

இங்கே நம் 'ஆல்' விரிக்கும் வேறு இரண்டு வலைகளையும் சொல்லிவிடுகிறேன். 'என்னால் முடியாது' என்பதை 'நாட் பாசிபிள் பை மீ' என்று எழுதுவது ஒன்று. அங்கே 'ஐ கான்ட்' போதும். இயலுமையைக் காட்டும் நம் 'ஆல்' ஆங்கிலத்தில் வினையோடு போய்விடும். 'மழையால் நான் வரவில்லை' என்பதில் உள்ள 'ஆல்' காரணத்தைக் காட்டுகிறது. அதற்கு 'பிகாஸ் ஆஃப்' என்றோ 'டியூ டு' என்றோ எழுத வேண்டும். ஆனால் 'ஆட்டம் மழையால் நிறுத்தப்பட்டது' என்றால், மழையே நிறுத்தியதாகக் கொண்டு 'பை ரெயின்' என்று எழுதலாம். இங்கும் செய்வினைச் சோதனை உதவும். மழை ஆட்டத்தை நிறுத்தியது என்று சொல்லலாம். மழை நான் வரவில்லை என்று சொல்ல முடியாது.

கேள்வி: விண்ணப்பம் 'பை 15' வந்து சேர வேண்டும் என்றால் 15ஆம் தேதி சேருமா, சேராதா? இதை எப்படித் தமிழாக்குவது?

பதில்: ஆங்கிலத்தில் பொதுவான வழக்குப்படி 15ஆம் தேதியும் சேரும். அந்நாளோ அதற்கு முன்போ என்பதே பொருள். அந்நாளை விலக்க நினைப்பவர்கள் 'பிஃபோர் 15' என்று எழுதுவார்கள்.

தமிழாக்கத்தில்தான் சிக்கல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் அறிவிப்பை நான் மொழிபெயர்த்துத் தந்தேன். மூலத்தில் இருந்த 'பை 15'ஐ, யோசிக்காமல் '15ஆம் தேதிக்குள்' என்று எழுதிவிட்டேன். அறிவிப்பைப் படித்த ஒருவர் 15ஆம் தேதி முற்பகலில் விண்ணப்பத்தோடு போய் நின்றிருக்கிறார். உள்ளே இருந்தவர், ஒரு நாளுக்குள் என்றால் அந்த நாள் பிறப்பதற்குள் என்று பொருள் சொல்லி வாங்க மறுத்துவிட்டார். வந்தவரோ, அந்த நாள் முடிவதற்குள் என்று பொருள் சொன்னார். இரண்டும் தமிழ்தான். ஆங்கில மூலத்தை எடுத்துக் காட்டிய பிறகே விண்ணப்பம் மேசைக்கு அந்தப் பக்கம் போயிற்று. அன்றிலிருந்து நான் '15ஆம் தேதி மாலை 5 மணிக்குள்' என்று நேரத்தோடு எழுதுகிறேன். நேரம் தெரியாத இடங்களில் '15ஆம் தேதியோ அதற்கு முன்போ' என்று எழுதிவிடுகிறேன். சற்று நீளம்தான், ஆனால் யாரும் வாசலில் நின்று வாதாட வேண்டியதில்லை.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இதே 'உள்' வேறொரு பிழையை உண்டாக்குகிறது. 'வெள்ளிக்கிழமைக்குள்' என்பதை நினைத்துக்கொண்டு 'வித்தின் ஃப்ரைடே' என்று எழுதுகிறோம். 'வித்தின்' கால அளவுக்கு உரியது: 'வித்தின் த்ரீ டேஸ்' என்றால் மூன்று நாள்களுக்குள். காலத்தின் ஒரு புள்ளிக்கு, அதாவது ஒரு தேதிக்கோ கிழமைக்கோ மணிக்கோ, 'பை' வேண்டும். 'அன்டில்' இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது. ஐந்து மணி வரை தொடர்ந்து நடப்பதற்கு 'அன்டில் ஃபைவ்'. ஐந்து மணிக்குள் ஒருமுறை நடந்து முடிவதற்குப் 'பை ஃபைவ்'. தமிழின் 'வரை', 'உள்' இரண்டையும் வாக்கியத்தில் மாறி மாறிப் பொருத்திப் பார்த்தால் தவறாது.

கேள்வி: 'பை பஸ்' சரி என்றால் 'பை வாக்' ஏன் தவறு?

பதில்: 'பை' பயண வகையைச் சொல்கிறது: பை பஸ், பை டிரெயின், பை ஏர், பை சீ. நடைக்கு ஆங்கிலம் 'ஆன் ஃபுட்' என்ற தொடரைப் பழக்கத்தில் நிலைநிறுத்திவிட்டது. 'பை ஃபுட்' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். 'பை வாக்' மட்டும் நம்முடைய சொந்தத் தயாரிப்பு. இன்னொன்றையும் கவனியுங்கள். வகையாக இருக்கும் வரைதான் 'பை'. குறிப்பிட்ட ஒரு வண்டியைச் சுட்டத் தொடங்கியதும் அது விலகிக்கொள்ளும். 'பை கார்' சரி. என்னுடைய காரில் என்றால் 'இன் மை கார்'. அந்தப் பேருந்தில் என்றால் 'ஆன் தட் பஸ்'.

கேள்வி: வெப்பநிலை 'பை 3 டிகிரி' உயர்ந்தது, 'டு 33 டிகிரி' உயர்ந்தது: இரண்டும் ஒன்றா?

பதில்: 30ஆக இருந்தது 33 ஆகியிருந்தால், அந்த ஒரே நிகழ்ச்சியை இரு வகையாகச் சொல்கிறீர்கள். 'பை' இடைவெளியைச் சொல்லும். 'டு' போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்லும். தமிழில் '3 டிகிரி உயர்ந்தது', '33 டிகிரியாக உயர்ந்தது' என்று எழுதுவோம். 'ஆக' என்ற ஈரெழுத்தைத் தவறவிட்டுச் செய்தி எழுதுபவர்களால் ஒரே நாளில் ஊரே வெந்துவிடுகிறது.

கேள்வி: மொழிபெயர்ப்பு கற்றுவருகிறேன். 'பை' வரும் செயப்பாட்டு வினை வாக்கியங்களை எல்லாம் 'ஆல்', 'பட்டது' என்று தமிழாக்கினால் என் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுகிறார். அது இலக்கணப் பிழையா?

பதில்: இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் நான் உங்கள் ஆசிரியரின் பக்கம். 'கூட்டம் தலைவரால் தொடங்கி வைக்கப்பட்டது' என்ற வாக்கியத்தைத் தமிழர் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லும்போது 'தலைவர் கூட்டத்தைத் தொடங்கிவைத்தார்' என்றுதான் சொல்வார். செய்தவர் யார் என்று தெரிந்திருக்கும்போது அவரை எழுவாயாக்கிவிடுவதே தமிழின் இயல்பு. செயப்பாட்டு வினையை, செய்தவர் தெரியாத இடத்துக்கோ சொல்ல விரும்பாத இடத்துக்கோ வைத்துக்கொள்ளலாம். செயப்படுபொருளை முன்னே நிறுத்த வேண்டும் என்பதற்காகச் சிலர் 'ஆல்' தேடுகிறார்கள். அதற்கும் தேவையில்லை, 'கூட்டத்தைத் தலைவர் தொடங்கிவைத்தார்' என்று இடம் மாற்றினாலே போதும், உருபு பொருளைக் காப்பாற்றிவிடும். சொல்வரிசையில் இந்த விடுதலை இல்லாததால்தான் ஆங்கிலம் 'பை'யின் துணையை அடிக்கடி நாடுகிறது.

'பை'யைக் கண்டவுடன் 'ஆல்' எழுதும் பழக்கம் சில நேரம் பொருளையே கெடுத்துவிடும். 'தி சைல்ட் வாஸ் ஃபவுண்ட் பை தி ட்ரீ' என்பதை 'குழந்தை மரத்தால் கண்டுபிடிக்கப்பட்டது' என்று ஒரு பயிற்சித்தாளில் படித்திருக்கிறேன். மரத்தடியில் கிடைத்த குழந்தை அது. செயப்பாட்டு வினையை அடுத்து நிற்பதாலேயே 'பை' கருத்தாவைக் காட்டிவிடாது; பின்னால் வரும் பெயர் அந்தச் செயலைச் செய்யக்கூடியதா என்று பார்க்க வேண்டும். ஓவியத்தின் கீழே 'பை' என்று போட்டு எழுதியிருக்கும் பெயர் வரைந்தவருடையது. 'ஆஃப்' போட்டிருந்தால் வரையப்பட்டவருடையது. தமிழில் 'அப்பாவின் படம்' என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால், மொழிபெயர்க்கும்போது 'அப்பா வரைந்த படம்' என்று வினையைப் போட்டுத் தெளிவாக்கிவிடுங்கள்.

கேள்வி: 'ஸ்டாண்ட் பை' என்பதற்குத் துணை நிற்றல் என்றும், ஒன்றும் செய்யாமல் நிற்றல் என்றும் எதிரெதிரான பொருள்கள் எப்படி வந்தன?

பதில்: இரண்டிலும் ஒருவர் பக்கத்தில்தான் நிற்கிறார்; எதற்காக நிற்கிறார் என்பதில்தான் வேறுபாடு. 'ஹி ஸ்டுட் பை ஹெர்' என்று 'பை'க்குப் பின்னால் ஒருவர் வந்தால், பெரும்பாலும் அவருக்குத் துணையாக நின்றார் என்று பொருள். பின்னால் யாரும் வராமல் 'ஸ்டுட் பை' என்று முடிந்தால், வேடிக்கை பார்த்து நின்றார் என்றோ, அழைத்தால் வரத் தயாராக நின்றார் என்றோ சூழலைப் பார்த்துக் கொள்ள வேண்டும். தமிழிலும் 'பக்கத்தில் நின்றான்' என்பதற்கும் 'பக்கபலமாக நின்றான்' என்பதற்கும் இடையே அதே தொலைவுதான் இருக்கிறது.

காலப்போக்கில் பொருள் தடம் மாறிய தொடர் ஒன்றும் உண்டு. 'பை அண்ட் பை' என்றால் இன்று 'சிறிது காலத்துக்குப் பின்'. நான் முன்பு சொன்ன 1611ஆம் ஆண்டு விவிலியத்தில் அதற்கு 'உடனே' என்று பொருள். 'இதோ வருகிறேன்' என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வருபவர்கள் எல்லா மொழியிலும் இருந்திருப்பார்கள் போலும்.

கேள்வி: பை-லா, பை-எலெக்‌ஷன், குட்பை ஆகியவற்றில் இருப்பதும் இதே 'பை'தானா?

பதில்: மூன்றும் மூன்று கதை. பை-எலெக்‌ஷன் என்ற இடைத்தேர்தலில் இருப்பது இதே சொல்தான். பொதுத்தேர்தல் என்ற முதன்மைப் பாதைக்குப் பக்கவாட்டில் நடப்பது என்ற கருத்து. துணைவிளைபொருளைக் குறிக்கும் பை-ப்ராடக்ட், சுற்றுச்சாலையைக் குறிக்கும் பைபாஸ் ஆகியவையும் இந்த வகையே.

பை-லா என்ற துணைவிதியையும் அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது ஸ்காண்டிநேவிய மொழியில் ஊரைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதே சொற்பிறப்பியலாரிடையே வலுவான கருத்து. அதன்படி அது 'ஊர்ச்சட்டம்'. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் அதே சொல்லை ஊர்ப்பெயர்களிலும் விட்டுச்சென்றிருக்கிறார்கள்: விட்பி, கிரிம்ஸ்பி, டார்பி. நம் ஊர்ப்பெயர்களின் இறுதியில் பட்டி, பாக்கம் வருவதைப் போன்றது அது.

குட்பையில் உள்ளது இது இரண்டும் அன்று. 'காட் பி வித் யீ', அதாவது கடவுள் உங்களோடு இருப்பாராக என்ற வாழ்த்து, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேய்ந்து ஒட்டிக்கொண்டு, குட் மார்னிங், குட் ஈவ்னிங் போன்றவற்றின் சாயலில் 'குட்' என்ற முகத்தையும் பெற்றுவிட்டது. அந்த வாழ்த்தில் 'பை' இருந்ததே இல்லை, இருந்தது 'வித்'. அது தேய்மானத்தில் கரைந்துபோயிற்று.